வரை

அட்டைப்பெட்டியில் நாலு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸ் என்று
உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருந்தது.
பக்கத்தில், அரிசியில் கிடக்கும் கல்லைப் போல,
'வரை'.

டவுன்ஹால் ரோட்டுக் கடையில் ஜெரால்டு
அந்தச் சொல்லின் மேல்தான் கட்டைவிரலை வைத்து
பெட்டியை என் பக்கம் திருப்பினான்.
வேண்டுமென்றே வைத்தான் என்று சொல்ல மாட்டேன்.
எழுத்து சின்னது, விரல் பெரிது.

இத்தனைக்கும் அந்தச் சொல் எனக்குப் பழக்கம்தான்.
ஆடி மாதம் விளக்குத்தூண் பக்கம் போனால்
ஐம்பது சதவீதம் வரை என்று துணி கட்டியிருப்பார்கள்.
ஐம்பதுக்கு இருப்பது
மூலையில் ஒரு கூடை கைக்குட்டை.
அதற்காக யாராவது சேலை எடுக்காமல் திரும்பியிருக்கிறார்களா?

முனிச்சாலையில் எங்கள் ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது.
மாடி என்றால் தகரம்.
கத்திரி தொடங்கி நாலாம் நாள்,
திருப்பரங்குன்றத்துக் கல்யாணம் ஒன்று
மூன்று கேமரா, நானூறு ஜிபி.
ரெண்டர் போட்டுவிட்டு,
எண்ணிப் பார்க்கலாமே என்று
வேகத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்தேன்.

நாலு புள்ளி ஏழு.
பொய்யில்லை. கண்ணால் பார்த்தேன்.
செங்குத்தாக ஏறி நின்றது,
இருபத்தெட்டு விநாடி.
பிறகு மூன்று புள்ளி ஒன்று.
தொண்ணூற்றேழு டிகிரி தொட்டதும்
இரண்டு புள்ளி இரண்டு,
அப்புறம் அங்கேயே
மத்தியானத்து எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன்.
டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.
எனக்கு வியர்த்தது, அதற்கு இரண்டு புள்ளி நாலானது.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன்.
"அக்கா, அது லேப்ல அளந்த வேகம்.
ரூம் டெம்பரேச்சர் இருபத்தஞ்சுல."
"அந்த ரூம் மதுரையில எங்கப்பா இருக்கு?"
சிரித்தான். நானும்.
பில்லில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அகராதியில் வரைக்கு மலை என்றும் பொருள்.
ஒத்தக்கடையில் தங்கச்சி வீட்டுக்குப் போகும் போதெல்லாம்
ஆனைமலையைப் பார்க்கிறேன்.
யானை என்றுதான் பெயர்.
ஒரு நாளும் எழுந்து நடந்ததில்லை.
யாரும் திருப்பிக் கேட்டதும் இல்லை.

மூக்கையா அண்ணன் படியேறி வந்தார்.
தவணை இன்னும் இரண்டு பாக்கி.
திரையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார்,
"ஓடுதுல்ல?" என்றார்.
"ஓடுது."
"எப்ப முடியும்?"
ஒன்பது மணி வரை ஆகலாம், என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று காதில் விழுந்தது.

ஒன்பதும் ஆயிற்று. அறுபத்தொரு சதவீதம்.
தகரம் இன்னும் சுட்டது.
பெண்ணின் தம்பி முத்துவிஜயன் நாலாவது முறை கூப்பிட்டான்:
முழுசா வேண்டாம்க்கா, ஸ்டேட்டஸ்ல போட
தாலி கட்டுறது மட்டும்.

ரெண்டரை நிறுத்தினேன்.
கீழே போய் ஒரு டீ குடித்து வந்தேன்.
ஐம்பத்தெட்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது.

அந்தத் துண்டை மட்டும் வெட்டினேன்.
முதல் முடிச்சில் அவன் கை நடுங்குகிறது.
பின்னாலிருந்து யாரோ அட்சதையைச் சீக்கிரமே எறிந்துவிடுகிறார்கள்.
அவள் குனிந்தபடியே சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.
அக்காக்காரி மற்ற இரண்டு முடிச்சையும் போட்டுவிடுகிறாள்.
மொத்தம் இருபத்தாறு விநாடி.

ஏற்றுமதியை அழுத்தினேன்.
நாலு புள்ளி ஏழு.
நாலு புள்ளி ஏழு.
நாலு புள்ளி ஏழு.
கோடு இறங்கத் தொடங்கும் முன்பே
கோப்பு முடிந்துவிட்டது.

அனுப்பிவிட்டு,
பந்தியையும்
மேடையில் கைகொடுக்க நின்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும்
மறுபடி ஓடவிட்டேன்,
இரண்டு புள்ளி இரண்டில்,
விடியும் வரை.