எட்டு மீனும் ஒரு யோகட் கோப்பையும்

முதல் மீன் பாசத்தால் செத்தது.
காலையில் பாண் துண்டு, மத்தியானம் பிஸ்கட் தூள்,
"பாவம், பசிக்கும்" என்று
இரவில் ஒரு பிடி சோறு.
வீங்கிய வயிற்றோடு மேலே மிதந்தபோதும்
அபிசனா கொஞ்சம் தூவினாள்.
கறிவேப்பிலைச் சாடிக்குள் புதைத்தோம்.

மீன்கடைக்காரர்
தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.
"இவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒருக்கா."
அந்த நகத்தைக் கணக்குக் கொப்பியில்
அளவு பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறாள்,
ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நேர் கீழே.

கொட்டாஞ்சேனையில் எங்களுடையது நாலாம் மாடி.
படிக்கட்டடியில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது,
பிராணிகள் வளர்க்கக் கூடாதென்று.
அதன் கீழேதான் படுத்திருக்கும்
எல்லார் வீட்டிலும் தின்று
எவர் வீட்டுக்கும் சொந்தமில்லாத பூனை, பட்டீஸ்.
எதிர்வீட்டு றிஸ்கானின் இரண்டு முழங்கையிலும்
அது எழுதிய பாடம் சிவப்புக் கோடுகளாய்க் கிடக்கிறது.
இப்போது அவன் தூக்குவதில்லை.
மூன்று படி தள்ளிக் குந்தியிருந்து
வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்க்கிறான்.
வந்தால் வரும்.
கலியாணம் கட்டிப் பத்து வருசம்,
இந்த வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஷெவோனின் முயலுக்கு வேறு சட்டம்.
காதில் பிடிக்காதே, பின்னங்காலைத் தாங்கு,
கரட்டைவிடப் புல்தான் நல்லது.
கொழும்பில் புல்லுக்கு எங்கே போவது?
பள்ளிக்கூட மைதானம் கொஞ்சம் கொஞ்சமாக
என் மகளின் சீருடைப் பையிலும் வீட்டுக்கு வருகிறது.
தோய்க்கும்போது தெரிகிறது.

போன வெள்ளி மழையோடு கரண்ட் போனது.
மீன்தொட்டி மோட்டர் நின்றது.
குமிழிகள் ஓய்ந்த சத்தம்
எனக்குக் கேட்கவில்லை,
அவளுக்குக் கேட்டது.

யோகட் கோப்பையால் தண்ணீரை அள்ளி
ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாள்.
அள்ளி, ஊற்றி, அள்ளி.
"காத்து உள்ளுக்குப் போகோணும் அம்மா."
கதவு தட்டுப்பட்டது. இரண்டு பேர், ஒரு டோர்ச்.
ஆளுக்கு நூறு கோப்பை என்று முறை வைத்தார்கள்.
றிஸ்கான் எண்ணினால் ஐம்பத்தேழுக்குப் பிறகு
எப்போதும் ஐம்பத்தைந்து வந்தது.
ஒருவரும் திருத்தவில்லை.

பதினொன்றரைக்கு நான் அதட்டினேன்.
"எட்டு மீன்தானே! நாளைக்கு வேற வாங்கலாம்."
டோர்ச்சோடு மூன்று முகமும் திரும்பின.
வெளிச்சம் என் மேல் நின்றது,
கொஞ்ச நேரம்.

கோப்பையை வாங்கினேன்.
தோள் கடுக்கும் வேலைதான்.
நூற்றுக்குப் பிறகு நானும் எண்ணுவதை விட்டேன்.

ஒன்று பத்துக்குக் கரண்ட் வந்தபோது
பாயில் மூவரும் குறுக்கும் நெடுக்குமாய்.
தொட்டியில் ஆறு மீன் நீந்தின.
விடியும் முன் மற்ற இரண்டையும் எடுத்து
எறிந்துவிடலாமா என்று யோசித்தேன்.
எழுந்ததும் எண்ணுவார்கள்.

ஒரு கரண்டியும் பழைய லேஞ்சியும் எடுத்து
தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
போய்ப் படுத்தேன்.