இருபத்தொரு டிகிரி

விடியலிலேயே வந்திருக்க வேண்டும்.
தபால் மூட்டைகளைப் பிரித்துக் கொடுத்து
கெஞ்சி வாங்கிய அரைநாளோடு
மலை இறங்குவதற்குள் மணி பதினொன்று.

இத்ரிட்சா ஆறு
சுண்ணாம்புப் பாறைகளின் நடுவே
கண்ணாடிப் பச்சையில் கிடந்தது.
பார்க்கிற கண்ணுக்குக் குளிர்ந்துதான் இருக்கிறது.

கயிற்றில் கட்டிய வெப்பமானியை
நிழல் விழுந்த இடமாகப் பார்த்து இறக்கினேன்.
எழுபதுவரை எண்ணி எடுத்தால்
இருபத்தொன்று.

இன்னொரு தரம், ஆழத்தில்.
இருபதே முக்கால்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தாயிற்று.
போடக் கூடாது.

இடுப்பளவு நீரில் நின்று தானிலோ சிரித்தான்.
"விட்டுவிடத்தானே போகிறோம், மிலோய்கா?
பிடித்து, பார்த்து, முத்தமிட்டு அனுப்பினால்
அதற்கு என்ன குறைந்துவிடும்?"

மூச்சு, என்றேன்.

போன ஆகஸ்டில் பார்த்தேன் அதை.
பளிங்கு டிரவுட், முழங்கை நீளம்,
கல்லில் ஓடும் ரேகைபோல உடம்பெல்லாம் நெளிவு.
கையை நனைத்துத்தான் தொட்டேன்.
முள்ளின் எதிர்க்கொக்கியைக்
குறடால் முன்பே நசுக்கியிருந்தேன்.
நீரைவிட்டு மேலே தூக்கவே இல்லை.
ஒரு விதி பாக்கியில்லை.
வாலை ஒருதரம் அடித்துப் போய்விட்டது.
சாப்பிட்டு முடித்துக் கீழ்வளைவுக்கு நடந்தபோது
வெள்ளை வயிறு மேலே தெரிய
ஒரு கல்லில் ஒதுங்கிக் கிடந்தது.
அதே மீன்தானா என்கிறாய்.
செவுளோரம் பழைய நாரைக்கொத்தின் வடு.
அதே மீன்.

தானிலோ ஒன்றும் சொல்லவில்லை.
உடனே கரையேறவும் இல்லை.

மேலாற்றில் ஊற்று வந்து கலக்கும் மடு
இப்போதும் சில்லென்றிருக்கும், தெரியும்.
வெயிலுக்குத் தப்பிய மீனெல்லாம்
அங்கேதான் முண்டியடித்து நிற்கும்.
மழைக்கு ஒதுங்கியவர்களிடம்
பாக்கெட் அடிப்பதா?

தூண்டிலைக் காரில் வைத்தேன்.
கத்தரிக்கோலும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு
கரையோடு நடந்தேன்.
பீர் மூடி, புழு டப்பா, ஈயக்குண்டு,
யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
வில்லோ மரத்தின் தாழ்ந்த கிளையில்
தங்கூசிச் சிக்கு ஒன்று, கிளிக்கூடு பெரிதாக.

அதற்குள்ளே
ஆற்றின் அடியில் நடந்து இரைதேடுமே,
வெண்மார்புக் கரும்பறவை,
அதன் கால்.
கால் மட்டும்.
மிச்சத்தை எறும்பும் காற்றும் கொண்டுபோயிருந்தன.

எந்தப் பாவி செய்த வேலை என்று
சத்தமாகவே திட்டினேன்.
திட்டிக்கொண்டே பிரித்தேன்.
நுனியில் முள்,
முள்ளில் ஊதாக் கம்பளி சுற்றிய பொய் ஈ.

ஊதா.
என் பழைய ஸ்வெட்டரின் வலது கை.
இந்தப் பள்ளத்தாக்கில் வேறெவரும்
அந்த நிறத்தில் ஈ கட்டுவதில்லை.
பேராயர் ஈ என்று தானிலோ கிண்டல் செய்வானே, அதுதான்.

ஏப்ரலில் ஒரு மாலை கிளையில் மாட்டியது.
இழுத்தேன். அறுந்தது.
இருட்டு, குளிர், பாறை வழுக்கும்.
இன்னொன்றைக் கட்டி வீசினேன்.
அவ்வளவுதான் நடந்தது.
நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடும்
அதே கை.

பின்னால் தண்ணீர் சலசலத்தது.
தானிலோ வந்து கிளையைத் தாழ்த்திப் பிடித்தான்,
உச்சியில் எஞ்சிய சிக்கு எனக்கு எட்டும்படி.
ஊதா நூலைப் பார்த்தான்.
கிண்டல் ஏதும் வரவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்த வெப்பமானியை எடுத்து
வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தான்.

மாலையில் அனுமதிச்சீட்டை நிரப்பவேண்டும்,
மீன் கிடைக்காவிட்டாலும்.
நீரின் வெப்பம்: இருபத்தொன்று.
பிடித்தது: ஒன்று.
இனம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பறவை, என்று எழுதினேன்.

சங்கத்தில் பிழையென்று அடித்துவிடுவார்கள்.
அடிக்கட்டும்.
அடித்த கோட்டுக்குக் கீழேயும் தெரியும்படி
அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.