எது நன்றாக விழும்

ஒஸ்ட்ராவா நகரில் பத்தொன்பது வருடமாக
டிராம் ஓட்டுகிறேன்.
என் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது.
போ, நில், மணி அடி.
எங்கே போவதென்று
எனக்கு முன்பே பிறந்த இரும்பு
முடிவு செய்து வைத்திருக்கிறது.

அதனால்தான் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன்.
ஜனவரிச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது,
தெருவில் பனிச்சேறு,
கடை ஜன்னலில் வெளிச்சம்.
உள்ளே போனேன்.

ராடிம், இருபத்துமூன்று வயதிருக்கும்,
கூரையில் தூண்டில் நரம்பில் தொங்கியதைக்
கம்பால் இறக்கிக் காட்டினான்.
ஆறு சேனல், ஆளை மயக்கும் கறுப்பு,
தலைகீழாகக்கூடப் பறக்குமாம்.
"தலைகீழாகப் போனால்
எங்கள் டிப்போவில் விசாரணை வைப்பார்கள்," என்றேன்.
சிரித்தான். மறுபடி மேலே ஏற்றினான்.

அடுத்தது
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது.
ஏறும், இறங்கும், திரும்பும்.
முன்னே போ என்றால் அதற்குக் காது கேட்காது,
தன்பாட்டுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நகரும்.
விலை, இரண்டு பியருக்கும்
ஒரு தட்டு வறுத்த பாலாடைக்கட்டிக்கும் மேல் போகாது.
உடைந்தால்?
"குப்பைக்கூடை," என்றான்.
நேர்மையான பையன்.

பிறகுதான் கேட்டேன்,
அதுவரை கேட்கத் தோன்றாததை:
"இவற்றில் எது நன்றாக விழும்?"

அவன் பதில் சொல்லவில்லை.
கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் இழுப்பறையை
முழுதாக உருவி மேஜைமேல் வைத்தான்.
இறக்கைகள், ஜோடி ஜோடியாக.
பல்சக்கரங்கள். கொசுக்கால் அச்சுகள்.
தும்மினால் காணாமல் போகும் திருகுகள்.
எல்லாமே ஒரே ஹெலிகாப்டருக்கு:
மஞ்சள் மூக்கு, முழங்கையில் பாதி நீளம்,
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு அடுக்கு இறக்கை.
மேலது வலம் சுற்ற, கீழது இடம் சுற்ற,
சண்டை சமமாகி
நடுவே உடம்பு ஆடாமல் நிற்கும்.

"வேகம் கேட்காதீர்கள், தராது.
காற்றடித்தால் வெளியே எடுக்காதீர்கள்.
ஏழு நிமிடம் பறக்கும்.
இரண்டாவது பேட்டரியும் வாங்கிவிடுங்கள்,
ஒன்று சார்ஜ் ஏறி முடிப்பதற்குள்
ஆசை ஆறிப்போகும்."

ஹெலிகாப்டரைப் பார்த்து அல்ல,
இழுப்பறையைப் பார்த்துப் பணம் கொடுத்தேன்.

ஏழாவது மாடி நடைவழி. நள்ளிரவு ஷிப்ட் முடிந்த நேரம்.
எழுந்தது.
தரையிலிருந்து ஒரு சாண்,
அந்த ஒரு சாணுக்குள் எத்தனை திசை!
கட்டைவிரலை அரிசியளவு நகர்த்தினால்
அது ஒரு படி நெல்லளவு நகர்கிறது.

வால் என் பக்கம் இருந்தவரை எல்லாம் சரி.
சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தது.
அந்த நொடியில்
இடம் வலமாயிற்று, வலம் இடமாயிற்று.
பக்கக் கண்ணாடியிலேயே உலகத்தைப் பார்த்து
வயிறு வளர்த்தவளுக்கு
இது புதிதா என்ன?
புதிதுதான்.
எதிர்வீட்டு லுதியெக்கின் பனிக்காலணி
வாசலில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.
நேரே அதற்குள்.

கதவு திறந்தது.
கட்டம்போட்ட இரவுடையில் லுதியெக்
காலணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
குனிந்து மஞ்சள் மூக்கை வெளியே எடுத்து,
வளைந்த இறக்கையை ஊதிவிட்டு,
"இதற்கு மணி கிடையாதா?" என்றான்.

இதுவரை நான்கு இறக்கை, ஓர் அச்சு.
இழுப்பறையில் இன்னும் இருக்கிறது என்கிறான் ராடிம்.

இப்போது காற்றில்லாத ஒரு ஞாயிற்றுக்காகக் காத்திருக்கிறேன்.
நிறுத்தத்தில் கதவு மூடிய பிறகும்
ஒரு விநாடி கிளம்பாமல்
தூரத்துப் புகைபோக்கியைப் பார்க்கிறேன்,
புகை நேராக ஏறுகிறதா, சாய்கிறதா என்று.
சிக்னல் விழவில்லை போலிருக்கிறது
என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள்.