பதினோரு நிமிஷ எண்ணெய்

அரசு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
என் ஆள்காட்டி விரல் இன்னும் இருக்கும்.
எதில் வெட்டியது என்று கேட்டார் நர்ஸ்.
விமானத்தில் என்றேன்.
நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு
மின்விசிறி என்று எழுதிக்கொண்டார்.
ஆறு தையல்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் எனக்குக் கொதிகலன்.
சீசன் முடிந்தால்
கைக்கு வேலை கிடையாது.
பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும் பால்சா பலகை
மடியில் இருப்பதே தெரியாது.
கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் போட்டார்.

இறக்கைக்குத் தாள் ஒட்டி
வார்னிஷ் பூசும் இரவுகளில்
"எந்த ரூம்ல வாழைப்பழம் அழுகுது?" என்று
படியேறி வருவார் வீட்டுக்காரர் கெம்பண்ணன்.
கட்டிலுக்கடியில் குனிந்து தேடுவார்.
நானும் கூடத் தேடுவேன்.

நோட்டில் கணக்கு இருக்கிறது.
ஏழு விமானம், செய்ய ஒன்பது வருஷம்.
வானத்தில் இருந்தது மொத்தம்
மூன்று மணி நாற்பது நிமிஷம்.
அதில் இரண்டாவது விமானத்தின் பங்கு
நாலு விநாடி.

ஏழாவதற்கு ரேடியோ கட்டியவன் தஸ்தகீர்,
பழையபேட்டையில் டேப்ரெக்கார்டர் ரிப்பேர்.
மூக்கில் கனம் போதவில்லை என்று
இரண்டு எட்டணாவை உள்ளே ஒட்டினோம்.
இறக்கைக்கடியில் இரண்டு விரல் கொடுத்தால்
தராசு முள் மாதிரி நின்றது.

பங்குனிக் கடைசி. அணைக்குப் பின்னால்
தண்ணீர் வற்றி வெடித்த தரை.
விளக்கெண்ணெய் புகைந்தது. ஏறியது.
ஆறு நிமிஷம் சொன்னதைக் கேட்டது.
பிறகு
நான் குச்சியை இடதுக்குத் தள்ளத் தள்ள
அது தன்பாட்டுக்கு மலைக்கோட்டைப் பக்கம் போனது.
ஏரியலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
செருப்பில்லாமல் ஓடினான் தஸ்தகீர்.
சத்தம் கொசு அளவாகி,
கொசுவேதானோ என்று சந்தேகமாகி.

தோப்பு தோப்பாக ஒரு வாரம் கேட்டோம்.
"என்ன கலரு? கொம்பு இருக்குதா?" என்றார்
ஒரு காவல்காரர்.

எட்டாவது செய்யவில்லை.
பெரிய காரணமெல்லாம் இல்லை.
தஸ்தகீர் தம்மாம் போனான். சரஸா வந்தாள்.
கொதிகலன் வேலை வருஷம் முழுக்க என்றானது.

நோட்டின் கடைசி வரியில்
புறப்பட்டது: 5.10.
இறங்கியது என்ற கட்டம் காலி.
டாங்கில் பதினோரு நிமிஷத்துக்குத்தான் எண்ணெய்,
எனக்குத் தெரியாதா,
பன்னிரண்டாவதில் எங்கேயோ விழுந்திருக்கும்.
இருந்தும் 5.21 என்று எழுத
பேனா எடுத்ததில்லை.

குடையோ கரண்டியோ
எது கைக்கு வந்தாலும்
இரண்டு விரல்மேல் நிறுத்திப் பார்க்கிறேன்.
நேற்று உழவர் சந்தையில் ஒரு முருங்கைக்காய்
நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது.
"எடை போட்டாச்சு சார்," என்றாள் கடைக்காரி,
"குடுங்க."