அலைக்குறி

டார்ட்டூவில் வியாழக்கிழமை. வெளியே மைனஸ் பதினெட்டு.
நாற்பத்தொரு பிழைகள், நான்கு பெட்டிகள்:
உயிர்ப்பிழை, பெரும்பிழை, சிறுபிழை, சில்லறை.
ஆஹ்தோ ஒவ்வொன்றாய்ப் படிக்கிறான்,
நாங்கள் கைதூக்கித் தீர்ப்பு சொல்கிறோம்.

பொத்தானின் சிவப்பு போதிய சிவப்பில்லை.
திங்களன்று அமைச்சகத்திலிருந்து ஆள் வருகிறது,
ஆகவே பெரும்பிழை.
நள்ளிரவில் கடிகாரம் ஒரு நொடி தயங்குகிறது.
எல்லோரும் தயங்கும் நேரம்தானே, என்றாள் லீவிகா.
சிறுபிழை.
முகவரியில் ஒரு எழுத்து மாறுகிறது.
சில்லறை. அடுத்தது.

நில்லுங்கள், என்றார் ஹெல்துர்.
ஆறு மாதமாக எங்களோடு உட்கார்ந்து
தேநீரைக் கலக்கிக்கொண்டு மட்டுமே இருந்தவர்.
அதற்கு முன் இருபத்திரண்டு வருடம்
ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் காதில் வாங்கியவர்.

எந்த எழுத்து?

ஒரே ஒரு உயிரெழுத்து, என்றான் ஆஹ்தோ.
வட்டத்தின் தலைமேல் ஓர் அலை படுத்திருக்குமே, அது.
அலை உதிர்ந்து வெறும் வட்டமாகிவிடுகிறது.
படித்தால் புரிகிறது.

ஹெல்துர் வரைபடத்தைத் திறந்தார்.
அலையோடு ஒரு பண்ணை,
லாட்வியா எல்லைப் பக்கம், ஊசியிலைக் காட்டுக்குள்.
அலையில்லாமல் ஒரு பண்ணை, பெய்ப்சி ஏரிக்கரையில்.
நடுவில் தொண்ணூறு கிலோமீட்டர்.
பனி வாரும் வண்டி காலை ஆறுக்குத்தான் கிளம்பும்.

காட்டுப் பண்ணையின் பெயரைத் தட்டினார்.
திரையில் அந்தச் சின்ன மஞ்சள் வண்டி
துளியும் தயங்காமல்
ஏரிக்கரைக்குப் புறப்பட்டது.

யாரும் சாகவில்லை. இது சோதனை.
எல்லைப் பக்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
எவரும் சன்னலைப் பார்த்துக் கிடக்கவில்லை.
அறையில்தான் கொஞ்ச நேரம்
ஒரு நாற்காலிகூட கிரீச்சிடவில்லை.

முதலில் பதிந்தது யார், என்று கேட்டான் ஆஹ்தோ.
குற்றம் சாட்டவில்லை;
படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.

நான்.
நவம்பர் ஒன்பது, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.
பேருந்துக்கு எட்டு நிமிடம்.
சில்லறை என்று தேர்ந்தெடுத்தவளும் நான்தான்.
நான்கில் அதுதான் என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அட்டை முதல் பெட்டிக்கு ஏறியது.
திருத்தும் வரிசையில் மட்டும் இரண்டாவது.
பொத்தான் திங்களுக்குள் சிவக்க வேண்டும்.

மதியம் பட்டாணிச் சூப்.
ஹெல்துர் என் எதிரில் வந்து உட்கார்ந்து
ரொட்டியைப் பிட்டபடி கேட்டார்:
அன்று பேருந்து கிடைத்ததா?

கிடைத்தது, என்றேன்.
உட்கார இடம்கூட இருந்தது.