பின் சீட்டில் டியூபா

பள்ளி நடைக்கூடத்தில் ஒரு சுவரொட்டி:
'இசைக்கருவி பழகு, கணக்கு தானாக வரும்.'
மூன்று வருடமாக டியூபா ஊதுகிறேன்.
கணக்கில் போன தவணையும்
ஆறுக்கு இரண்டுதான்.

வேறு சில வந்தன.
உதட்டைச் சுற்றி ஒரு வட்டத் தழும்பு,
குளிரில் நீலமாகும்.
இருபத்தேழு படி, ஒன்பது கிலோ, தினமும் இருமுறை:
தோள் வந்தது.
வகுப்பில் ஒரு பட்டப்பெயர் வந்தது;
அதைச் சொல்ல மாட்டேன்.

ஆசைப்பட்டெல்லாம் எடுக்கவில்லை.
புல்லாங்குழலுக்கு அடிதடி,
சாக்ஸபோனுக்குச் சீட்டுக் குலுக்கல்.
மூலையில் இது மட்டும்
வாயைப் பிளந்தபடி நின்றது.
வால்வு ஓரமெல்லாம் பூச்சு போய்ப்
பித்தளை பல்லிளித்தது.
நானும் இளித்தேன்.

ஊதுவது கொஞ்சம், காத்திருப்பதே வேலை.
கிளாரினெட் மாரெட்டுக்கு மூச்சுவிட நேரமில்லை.
எனக்கு இருபத்தெட்டுக் கட்டம் வெறுமை,
அப்புறம் ஒரே ஒரு சுரம்,
மறுபடி பதினாறு கட்டம் வெறுமை.
ஒன்று இரண்டு மூன்று நாலு
இரண்டு இரண்டு மூன்று நாலு
மூன்று இரண்டு மூன்று நாலு
முதல் எண் மட்டும் நகரும்,
மற்றவை அங்கேயே நின்று வழியனுப்பும்.
முதல் கச்சேரியில்
பத்தொன்பதாவது கட்டத்தில் வழிதவறினேன்.
எல்லோரும் அடங்கிய இடத்தில்
நான் மட்டும் பூம் என்றேன்.
'கப்பல் வந்தாச்சு' என்றார் பின்வரிசையில் ஒருவர்.
எங்கள் பாட்ஸ்ஃபியூர் துறைமுக ஊர்;
நாலு பேர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தப் பிப்ரவரியில் வாட்ஸோவில் போட்டி.
மற்றவர்கள் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள்.
எனக்குக் காய்ச்சல் விட்டது அன்று காலையில்தான்.
அது அப்பா வாரம்.
மலை ஏறும் இடத்தில் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது.
பனி தள்ளும் வண்டி வரும்,
அதன் வாலைப் பிடித்து வரிசையாகப் போகலாம் என்றார்கள்.
எப்போது என்று சொல்லவில்லை.

காரில் மூன்று பேர்:
அப்பா, நான்,
பின் சீட்டில் பெல்ட் மாட்டிய டியூபா.
அம்மா போனதிலிருந்து அப்பாவுக்கு இரண்டே பேச்சு,
வானிலை, மீன் விலை.
வானிலை ஜன்னலிலேயே தெரிந்தது.
ஆகவே பேசவில்லை.

கியர் பக்கத்துப் பள்ளத்தில்
அவருடைய தூக்க மாத்திரை அட்டை,
பாதிக் குமிழ்கள் உடைந்து கிடந்தன.
என்னிடமும் மாத்திரை உண்டு,
கட்டத்துக்கு நாலு.
கண்ணை மூடி எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று இரண்டு மூன்று நாலு
இரண்டு இரண்டு

ஏழாவது கட்டத்தில் டக் டக் என்று ஒரு சத்தம்.
அப்பாவின் விரல், ஸ்டியரிங் மேல்.
என் பாட்டு.
மூன்று மாதம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
கேட்டே பழகியிருக்கிறார்.
கேட்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

'ஓடாதே அப்பா.'
'எங்கே ஓடுவது, கம்பம் மூடியிருக்கிறதே?'
'தாளத்தில்.'

விரல் நின்றது.
கோபமோ என்று பார்த்தேன்.
பிறகு மெல்ல, பனியில் கால் வைப்பதுபோல்,
மறுபடி தொடங்கியது.
பத்து. பதினாறு. இருபத்து மூன்று.
வெளியே யாரோ மண்வெட்டியோடு கடந்தார்.
இருபத்தெட்டு முடிந்ததும்
ஹால்வார் என்கிற என் அப்பா,
மீன் ஆலையின் கண்டிப்பான மேற்பார்வையாளர்,
கன்னத்தை உப்பிக்கொண்டு
பூம் என்றார்.
அரைச் சுரம் இறக்கம்.
சொல்லவில்லை.
கண்ணாடி முழுக்க வேர்த்துப் போகும்வரை
இரண்டு பேரும் சிரித்தோம்.

போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
எட்டுக் குழுவில் ஏழாவது இடம்.
மாரெட் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி சொன்னாள்:
'உன் இடம் வரைக்கும் நன்றாகத்தான் போச்சு.
அங்கே எல்லோரும் காலை இறக்கினோம்,
கீழே படி இல்லை.'

வருத்தமாக இருந்திருக்க வேண்டும்.
வாசல்வரை அதையே மனதுக்குள்
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

புறப்படும் முன் அப்பா
பின்கதவைத் திறந்து
அந்தப் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.