ஓரத்தில் எழுதியது

அன்று நான் சொன்னது முழுக்க உண்மை.
வருசத்துக்கு எழுபத்தெட்டாயிரம் மிச்சம்,
வைரஸ் பிடிக்காது,
ஐஸ் கணக்குப் பார்க்கிற அந்தப் பழைய பெட்டிகூட
இன்னும் நாலு வருசம் ஓடும்.
திருக்கடலூர் மீனவர் சங்கத்தின்
பிளாஸ்டிக் கதிரைகள் தலையாட்டின.
தீர்மானம் இலக்கம் ஏழு:
கணினி மூன்றிலும் கட்டற்ற மென்பொருள்.
முன்மொழிந்தவர் பொருளாளர் யோகவதனி, அதாவது நான்.
வழிமொழிந்தவர் அன்ரன் குரூஸ்.
பிளேன்ரீ குடித்து ஆறரைக்குக் கலைந்தோம்.

சொல்லாமல் விட்டதும் ஒன்று இருந்தது.
அதற்கு முந்திய வைகாசியில்
கடன் பதிவேட்டைத் திறக்கப் போனால்
திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி:
உங்கள் உரிமக் காலம் முடிவடைந்துவிட்டது.
நூற்றிநாற்பது குடும்பங்களின் பெயர்,
யார் வலைக்கு எவ்வளவு, யார் எஞ்சினுக்கு எவ்வளவு,
என் கையால் எழுத்தெழுத்தாய் அடித்தது,
எனக்கே காட்டமாட்டேன் என்றது.
கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது.
சொந்த வீட்டுப் படலையில் நின்று
ஊர் பேர் தெரியாத ஒருவனிடம்
திறப்புக் கேட்பவள் மாதிரி.

அதை எப்படிக் கூட்டத்தில் சொல்வது?
கணக்குப் புத்தகத்தில் வெட்கத்துக்கு நிரல் கிடையாது.
எழுபத்தெட்டாயிரத்துக்கு உண்டு.

ஒன்றரை வருசம் நன்றாகத்தான் போனது,
பிரிண்டர் முரண்டு பிடித்த மூன்று கிழமையைக் கழித்து.
கிண்ணியாப் பாலம் கடந்து முஸாதிக் வந்து
மென்பொருளின் வயிற்றைத் திறந்தான்.
கிலோவை மட்டுமே அறிந்திருந்ததற்குக்
கூறு என்றால் என்னவென்று எழுதிக் கொடுத்தான்.
சூடை, பாரை, கும்பிளா
எங்கள் எழுத்தில் வரிசையாய் வந்து நின்றன.
யாரிடமும் கேட்கவில்லை அவன்.
கேட்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு வந்தது கொழும்பிலிருந்து வெள்ளைக் கார்.
கழுத்துப்பட்டி கட்டியவர் நல்ல மனிசன்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
ஐந்து வருசத்துக்கு முற்றிலும் இலவசம் என்றார்,
மீனவர் நலனுக்காக.
பிரிண்டரும் தருவார்களாம்.

எல்லாக் கதிரையும் என் பக்கம் திரும்பியது.
"மிச்சம்தான் காரணமெண்டால் பிள்ளை,"
தலைவர் புவிராஜ் கேட்டார்,
"இனி என்ன காரணம்?"
என் எழுபத்தெட்டாயிரம்
கரையில் போட்ட சூடைபோல் கிடந்தது.

கட்டணமற்ற என்று எழுதிப் பார்த்தேன்,
பக்கத்தில் கட்டற்ற என்று.
நடுவில் ஒரு ண, ஒரு ம.
இரண்டு எழுத்து எடுத்தால் போதும்,
ஆனால் அதை எடுத்துக்காட்ட
அன்றைக்கே வாய் திறந்திருக்கவேண்டும்.

பின்வரிசையில் அன்ரன் குரூஸ்
தொண்டையைச் செருமினார்.
"கடலுக்குப் போகப் பாஸ் இருந்ததே,
ஞாபகம் இருக்கோ?
விடிய இத்தனை மணிக்குப் போ,
இத்தனைக்குள்ள திரும்பு,
இன்னார் மட்டும்.
அதுக்கு ஒரு சதமும் எடுக்கேல்லை அவங்கள்.
அதுவும் இலவசம்தான்."
அவ்வளவுதான்.
குனிந்து கதிரைக்குக் கீழே
எதையோ தேடத் தொடங்கிவிட்டார்.

ஒருவரும் கை தட்டவில்லை.
கழுத்துப்பட்டிக்காரருக்கு விளங்கியிருக்காது,
அவர் வயசு அப்படி.
பிரிண்டர் நல்ல பிரிண்டர் என்று யாரோ முணுமுணுத்தது
எனக்கும் கேட்டது, அதுவும் பொய்யில்லை.
முடிவு அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
வாசலில், அவர் தந்துபோன வழவழத்த தாளை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
அவசரமில்லாமல் மென்றுகொண்டு நின்றது.

எல்லாரும் போனபின்
பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.
தீர்மானம் இலக்கம் ஏழு. காரணம்: செலவு குறைவு.
அதை வெட்டவில்லை. உண்மைதானே.
அதற்கு மேலே ஒரு வரி எழுத வேண்டும்,
மேலே இடமில்லை.
தாளைச் சரித்துப் பிடித்து
ஓரத்தில் எழுதினேன்,
நண்டு போகிற போக்கில்,
பக்கவாட்டாக:
திறப்பு எங்கள் கையில் இருக்கவேண்டும்,
பிரிண்டர் இல்லாவிட்டாலும்.